சிவப்புப் பெருக்கல் குறி போட்ட தாள்கள்

எங்கள் வீட்டில் ஒரு கிரேக்கர் இருந்தார். அவர் காலமாகி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டபடியால் சாப்பாடு போடுகிற தொந்தரவு இல்லை. ஆனால் கூடத்து ஜன்னலோரமும், வீட்டில் இருந்த ஒரே மேசையும், ஆடாமல் நிற்கிற ஒரே நாற்காலியும் அவருக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. அத்தையின் தடித்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அவருடைய கற்சிலையின் படம் இருந்தது. தலையில் முடி குறைவு, தாடி அதிகம். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அம்மா 'தாடிக்காரர்' என்று சொல்லப்போக அதுவே நிலைத்துவிட்டது.

அத்தை, அப்பாவின் கடைசித் தங்கை. தாத்தா போன பிறகு எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். எழுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவப் பாடம் நடத்திக்கொண்டே தாடிக்காரரைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தாள். கோடை விடுமுறைக்கு விருத்தாசலம் வந்தால் காலையில் அந்த மேசைக்குப் போகிறவள் அம்மா மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட எழுந்திருப்பாள். ஊசி போடாத டாக்டருக்கு எதற்கு இத்தனை வருஷப் படிப்பு என்று தெருவில் கேட்காதவர்கள் இல்லை.

அப்பாவும் விட்டுவைக்கவில்லை. பீங்கான் ஆலையில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தார். வெந்து வந்த கோப்பையை விரலால் சுண்டிப் பார்த்தே அதற்குள் கீறல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். "செத்துப்போன மனுசனுக்கு எந்தங்கச்சி வக்காலத்து வாங்கிட்டு இருக்குது" என்று நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆனால் மசி தீர்ந்துவிட்டது என்றால் அந்த வெயிலிலும் கடைவீதிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு போகிறவரும் அவர்தான்.

அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று அம்மா ஒரு நாள் கேட்டுவிட்டாள். அத்தை அடுப்படியில் இருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

"இது டம்ளருதான், அதே நேரத்துல இது டம்ளரே இல்லன்னு ஒருத்தர் சொல்றார்னு வைங்க அண்ணி. அவருக்கு என்ன பதில் சொல்லுவீங்க?"

"அவருக்குக் காப்பி ஊத்த மாட்டேன். டம்ளரே இல்லன்னா காப்பி எதுல நிக்கும்?" என்றாள் அம்மா.

அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். தாடிக்காரரும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லியிருக்கிறார் என்றும், அதைச் சொல்ல அவருக்குப் பல பக்கங்கள் ஆயின என்றும், அவர் சொன்னது சரிதானா என்று பார்க்கத் தனக்கு மூன்றாவது அத்தியாயம் முழுவதும் ஆகிறது என்றும் சொன்னாள். அம்மாவுக்கு அதன் பிறகு தாடிக்காரர் மேல் கொஞ்சம் மரியாதை குறைந்துவிட்டது.

எங்கள் வீட்டில் காகிதத்துக்கு ஒரு தலையெழுத்து இருந்தது. பக்கத்துத் தெருவில் கோப்பை செய்கிற சின்ன யூனிட் ஒன்று இருந்தது. கோடையில் அம்மா அவர்களுக்குக் கோப்பைகளைச் சுற்றிக் கொடுப்பாள். ஒவ்வொரு கோப்பையையும் பழைய தாளில் சுற்றி, மரப்பெட்டியில் வைக்கோல் பரப்பி அடுக்க வேண்டும். என் வீட்டுப்பாட நோட்டு, போன வருஷக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாமே கடைசியில் ஏதோ ஒரு கோப்பைக்குச் சட்டையாகி ஊரைவிட்டுப் போய்விடும். எனக்கு அப்போது எட்டு வயது. சுற்றுவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரால்தான் எல்லா வினையும் வந்தது.

மே மாதக் கடைசியில் பெரியப்பா வந்தார். அப்பாவுக்கு அண்ணன், எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கத்தில் நிலபுலம் உள்ளவர், குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அத்தைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அவர்களை அழைத்து வருவதாகச் சொன்னார்.

"வேலைக்கெல்லாம் அனுப்ப மாட்டாங்க. படிப்பையும் அதோட மூட்ட கட்டிட வேண்டியதுதான்."

"அந்த எழுத்து வேலைய முடிச்சிடட்டும்ணே" என்றார் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ரெண்டு வருசமா எழுதுறா. தப்பு தப்பா எழுதுனா எப்ப முடியும்? ஞாயித்துக்கெழம வந்து நானே பாக்குறேன், என்னாதான் கிழிச்சிருக்கான்னு."

அண்ணன் முன்னால் அப்பா உட்கார்ந்துகூடப் பேச மாட்டார். எதிர்த்துப் பேசுவதாவது! சரி என்று தலையாட்டினார். அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தலை வாரிவிட்டு, பின்னல் கோணலாக இருந்தால் மறுபடி அவிழ்த்துப் பின்னுகிற அத்தை அவள்.

சனிக்கிழமை மத்தியானம் அத்தை தூங்கும்போது மேசைப் பக்கம் போனேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் சிவப்பு மசியில் போட்ட பெருக்கல் குறி தெரியும். கணக்கு டீச்சர் என் நோட்டில் போடுகிற அதே குறி, மூன்றாவது அத்தியாயத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. சில பக்கங்களில் நான்கு, ஐந்துகூட. பெரியப்பா சொன்னது உண்மைதான். அத்தை எல்லாவற்றையும் தப்பாக எழுதியிருக்கிறாள். நாளைக்கு அவர் வந்து பார்த்தால் அவ்வளவுதான்.

தாடிக்காரரின் புத்தகத்தை ஒரு வரியும் படிக்காமலே நானும் அன்று ஒரு தர்க்கம் செய்தேன். தப்பை எல்லாம் எடுத்துவிட்டால் மீதி இருப்பது முழுவதும் சரி. சிவப்புக் குறி இருந்த தாள்களை மட்டும் உருவினேன். முப்பதுக்கு மேல் இருந்தன. பின்கட்டில் அடுக்கக் காத்திருந்த கோப்பைகளுக்கு அவற்றை அழகாகச் சுற்றி, நானே பெட்டியில் வைத்து, மேலே வைக்கோலையும் போட்டேன். சாயங்காலம் அம்மா ஆணி அடித்து மூடினாள். ஞாயிறு காலை யூனிட் வேன் வந்து, எங்கள் வீட்டுப் பெட்டிகள் ஆறையும் ஏற்றிக்கொண்டு வேப்பூருக்குப் போனது. அங்கேயிருந்து மெட்ராஸ் லாரி. ஒரு புண்ணியம் செய்த நிம்மதியோடு இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்கு அத்தை மேசைக்குப் போனாள். அதன் பிறகு வீட்டில் கேட்ட சத்தத்தை நான் மறக்கவில்லை. அது அழுகை இல்லை. காகிதத்தைப் புரட்டுகிற சத்தம், முன்னாலிருந்து பின்னால், பின்னாலிருந்து முன்னால். நகல் கிடையாது. டைப் அடிக்கக் கொடுக்கிற வரைக்கும் அந்த ஒரு கையெழுத்துப் பிரதிதான். ஜூன் பதினைந்துக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும்.

நான் சொல்லிவிட்டேன். யாரும் கேட்பதற்கு முன்பே, பெருமையாகவே சொன்னேன்: "தப்பு போட்டதெல்லாம் நான் எடுத்துட்டேன் அத்த. பெரியப்பா இனிமே பாக்க முடியாது."

அத்தை நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்னை அடிக்கவில்லை. "அது என் தப்பு இல்ல கண்ணு" என்றாள். "டம்ளரே இல்லன்னு சொல்றானே, அந்த எதிராளியோட பேச்சு அது. அவன் சொல்றது சரின்னே வச்சிக்கிட்டு, அவன முழுசா பேசவுட்டு, அவன் பேச்ச வச்சே அவனக் கவுக்கணும். எங்கெங்க கவுந்தானோ அங்கல்லாம் ஒரு செவப்புக் குறி. அவன் சொல்றது தப்புன்னு நேரா நிரூபிக்க வழியே இல்ல. அந்தப் பக்கமெல்லாம் போச்சுன்னா எங்கிட்ட ஒண்ணுமே இல்ல."

எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் நான் எறிந்தது குப்பை இல்லை, அத்தையின் மொத்த உழைப்பும் அதுதான் என்பது அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துவிட்டது. அப்போதுதான் அழ ஆரம்பித்தேன்.

அப்பா மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கப் பட்டுக்கரை வேட்டி கட்டித் தயாராக இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். அம்மா, "மூணு மணிக்கு வந்துடுவாங்க. நீங்க இல்லாம எப்படிங்க?" என்றாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்து முறைப்படி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுத்து உட்கார வைத்துப் பேச வேண்டியவர் பெண் வீட்டு ஆண். பெரியப்பா அவர்களை அழைத்து வருகிறவர். அவர் அந்தப் பக்கத்து ஆள். அழைத்து வருகிறவரே வரவேற்கவும் முடியாது.

"அதுக்குள்ள வந்துடுறேன்" என்று அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். எந்தக் கோப்பைக்கு எந்தச் சட்டை என்று எனக்குத்தானே தெரியும்.

வேப்பூரில் லாரி கிளம்பிப் போயிருந்தால் இந்தக் கதையை இவ்வளவு சிரிப்போடு சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பெரிய ரோட்டோரம் சாப்பாட்டுக் கடை முன்னால் நின்றிருந்தது. பெட்டிகள் ஏற்றியாகிவிட்டது, டிரைவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். டிரைவர் மோர் சாதத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்னா சார், காயிதத்துக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க? பத்தரமா?" என்றார்.

"பத்தரம் இல்லீங்க. எந்தங்கச்சி எழுதுனது."

அந்தப் பதிலை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, கையைக் கழுவிக்கொண்டு வந்து அவரே கடப்பாரையால் ஆணியைப் பிடுங்கிக் கொடுத்தார். எந்தப் பெட்டி என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை, எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. முதல் பெட்டியில் காலண்டர்தான் வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. அப்பாவின் வேட்டியெல்லாம் வைக்கோல். மூன்றாவது பெட்டியில் நான்காவது கோப்பையைப் பிரித்ததும் சிவப்புப் பெருக்கல் குறி தெரிந்தது. "இந்தா இருக்குது!" என்று நான் கத்தியதில் கடைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டார்கள்.

புளிய மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்தோம். அப்பா ஒவ்வொரு கோப்பையாகப் பிரிப்பார், பழக்க தோஷத்தில் ஒரு சுண்டு சுண்டிக் காதில் வைத்துப் பார்ப்பார், தாளைத் தொடையில் வைத்து நீவி என்னிடம் கொடுப்பார். காற்றில் பறக்காமல் நான் கல் வைப்பேன். டிரைவர் கடையிலிருந்து பழைய பேப்பர் வாங்கிவந்து கோப்பைகளைத் திரும்பச் சுற்றினார். சுமாராகத்தான் சுற்றினார். மூலையில் அத்தை போட்டிருந்த பக்க எண்ணைப் பார்த்து வரிசையாக அடுக்கினோம். முப்பத்து நான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. ஒரு தாளில் மட்டும் ஓரம் கிழிந்திருந்தது, எழுத்தில் படவில்லை. அப்பா எல்லாவற்றையும் மேல்துண்டில் கட்டி மார்போடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

மணி இரண்டு இருக்கும். சிறிது நேரத்தில் விருத்தாசலம் பஸ் வந்து நின்றது. நான் ஓடினேன். அப்பா அசையவில்லை. "கூட்டமா இருக்குது பாப்பா, அடுத்ததுல போவலாம்" என்றார். டீ சொன்னார். எனக்கு ஒரு போண்டா. அடுத்த பஸ் வந்தது. "இது மங்கலம்பேட்ட சுத்திக்கிட்டுப் போவும்" என்றார். போர்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. இன்னொரு டீ. கடைக்காரரிடம் மணி கேட்டார், நாலு அடிக்கப் போகிறது என்றதும் வேட்டியில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக நிதானமாக எடுக்க ஆரம்பித்தார். அப்பா டீ குடித்து நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவ்வளவு சந்தோஷமாகக் குடித்துப் பார்த்ததில்லை. மூன்றாவது பஸ்ஸில்தான் ஏறினோம், அதுவும் நின்றுகொண்டு.

வீட்டுக்கு வந்தபோது ஐந்து தாண்டிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் போய்விட்டிருந்தார்கள். நாலரைக்கு ராகு காலம் வருகிறது என்று காத்திருந்து பார்த்துவிட்டு, வா என்று சொல்லக்கூட வீட்டில் ஆண் இல்லையா என்று கோபமாக எழுந்துவிட்டார்களாம். இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். பெரியப்பா மட்டும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார், சூளை வாசல் திறந்தது போல அனல் அடித்தது.

அத்தை யாரையும் கவனிக்கவில்லை. துண்டை வாங்கிப் பிரித்து, தாள்களை எண்ணி முடித்ததும் அப்பாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், வளர்ந்த பிறகு அப்படிச் செய்தவளே இல்லை. அந்தத் தாள்களை ஜூன் பிறப்பதற்குள் டைப் அடிக்கக் கொடுத்துவிட்டாள். அடுத்த வருஷம் டாக்டரும் ஆனாள். முப்பது வருஷம் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றாள். நடுவில், தனக்குப் பிடித்த ஒருவரைக் கல்யாணமும் செய்துகொண்டாள்.

பெரியப்பா கத்தித் தீர்த்தார். குடும்ப மானம் போயிற்று என்றார், காகிதம் பெரிதா கல்யாணம் பெரிதா என்றார். அப்பா வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு, கைகட்டி நின்றபடி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பஸ்ஸு கெடைக்கலண்ணே."

அப்பாவுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் செய்த தப்புக்குப் பரிகாரமாக ஒரு உண்மையாவது சொல்லலாம் என்று, "இல்ல பெரியப்பா, ரெண்டு பஸ்ஸு வந்துச்சு, ஜன்னலோரம்கூட..." என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, விருந்தாளிகளுக்குச் செய்து மிஞ்சிய கேசரியில் ஒரு பெரிய கட்டியை எடுத்து என் வாயில் அடைத்துவிட்டாள். அத்தை சட்டென்று நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் பெரியப்பாவைப் பார்த்தபடி கேசரியை விழுங்க முடியாமல் நின்றேன். சீட்டு காலியாக வந்த பஸ்ஸை அப்பாவுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.