டை கட்டி வேலைக்கு வந்தவர்

எண்பதுகளின் தொடக்கத்தில் லண்டன் ஹோட்டலொன்றில் அவரும் நானும் அறை துப்புரவாக்கும் வேலை செய்தோம். ஒல்லியான மனிதர், ஓரிடத்தில் நிற்கவே மாட்டார். காலையில் கோட்டும் டையுமாக வருவார். உடை மாற்றிக் கட்டில் விரிப்பார், கழிவறை கழுவுவார். மாலையில் திரும்பவும் டை கட்டித்தான் தெருவில் இறங்குவார்.

ஒருநாள் வேலை முடிந்து வரும் வழியில், தெரு ரெலிபோன் பெட்டிக்குள் நின்று ஊருக்குப் பேசினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருடைய ஊர் நிலாவெளி. அங்கே கடற்கரையில் புதிதாகத் திறந்த ஹோட்டலில் வேலைக்குப் போகட்டுமா என்று தங்கை கேட்டிருக்கிறாள்.

"ஏலாது! வெள்ளைக்காரன் படுத்த கட்டிலை நீ போய் விரிக்கிறதோ? பிறகு உன்னை ஆர் கட்டுவான்? எங்கட ஊரில ஆரும் போறேல்லைத்தானே. அவங்கள் கொழும்பில இருந்து ஆக்களைக் கொண்டுவரட்டும்."

ரிசீவரை வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, நாங்களும் இஞ்சை அதைத்தானே செய்யிறம்?"

"இஞ்சை எங்களை ஆர் பாக்கிறது?" என்றார், திரும்பாமலே.

ஸ்டேஷன் வாசலில் ரயில் வரும் சத்தம் கேட்டது. நான் உள்ளே ஓடித் திரும்பிப் பார்த்தேன். எங்கேயும் நிற்காத அந்த மனிதர், கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்று டையை இறுக்கிக்கொண்டிருந்தார். ரயில் போய்விட்டது.