என் சம்பளத்தில் பிடித்த பணம்

போன வருடம் பள்ளிக்கூடங்கள் திறந்த வாரம். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தின் ஜன்னலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். மூன்று மாதமாக எனக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. கர்ப்பப்பையில் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்குப் பயந்தேன். செலவுக்குப் பயப்படவில்லை. எட்டு வருடமாக மாதாமாதம் என் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ., பி.எஃப். என்று பிடித்திருக்கிறார்களே, அந்தத் தைரியம்.

ஜன்னலுக்குள் இருந்த பெண் நான் கொடுத்த ஈ.எஸ்.ஐ. எண்ணை இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

“இது உங்க நம்பர் இல்லம்மா. வேற யாரோ ஒரு ஆம்பளையோடது. உங்க பேருல பணமே கட்டல.”

அந்த எண்ணைத் தன் கையால் எழுதிக் கொடுத்தவர் ஞானராஜ் அண்ணன்.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன், அன்பானவர்களே. எங்கள் சபையில் காணிக்கைப் பை எடுக்கிறவர். என் கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர். மாமல்லபுரம் போகிற வழியில் கடலோரம் உள்ள ஒரு ரிசார்ட்டுக்குத் துணி வெளுக்கவும் அறை துடைக்கவும் ஆள் வைக்கும் காண்ட்ராக்ட் அவருடையது. நாங்கள் பதினாலு பெண்கள். எங்களுக்குச் சம்பளம் ரிசார்ட் தராது. மாதம் பிறந்தால் அவர்தான் கவரில் போட்டுத் தருவார்.

நான் நெம்மேலிப் பக்கத்துப் பெண். என் அப்பா அடுத்தவர் வயலில் நெல் அறுத்தவர். கூலி கேட்டுப் போனால் அப்புறம் வா என்பார்கள். கடைசிக் காலத்தில் மாத்திரைக்குக்கூடக் காசில்லாமல் செத்தார். அதனால்தான், “உனுக்கு பி.எஃப். கீது எஸ்தரு. வயசானா எவன் கையையும் பாத்துகினு நிக்க வேணாம்” என்று ஞானராஜ் அண்ணன் சொன்ன அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் முதல் பி.எஃப். எனக்குத்தான் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

மருந்தகத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போனோம், நானும் என் கணவரும்.

“அண்ணே, மாசாமாசம் புடிச்சீங்களே, அந்தப் பணம் எங்கண்ணே?”

“நான் எங்கம்மா புடிச்சேன்? உனுக்குச் சம்பளமே அவ்ளோதான். புடிச்சேன்னா காட்டு, பாக்கலாம்.”

பிடித்த கணக்கை அவர் சம்பளக் கவரின் மேல்தான் எழுதித் தருவார். கவரைப் பிரித்துப் பணத்தை எடுத்ததும் கிழித்துப் போடுவது என் வழக்கம். செலவாகிவிட்டது, மன்னித்துக்கொள் தாயே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்படியே திரும்பி வந்திருப்பேன். என்னைப் பொய்க்காரி ஆக்கினாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

போதகர் ஐயாவிடம் போனேன். “ஆபீசு, கேசுன்னு போனா சபைக்குத்தாம்மா அவமானம். மன்னிச்சிடு” என்றார். கூட வேலை செய்தவர்களோ, “ரிசார்ட்டுக்காரன் அவருக்கே லேட்டாதான் பில்லு பாஸ் பண்றான். அவரு இன்னா பண்ணுவாரு? கீற வேலையும் பூடும், சும்மா இரு” என்றார்கள். அந்த ரிசார்ட்டில் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை என் மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஆனால் பொறுத்துப் போ என்று எல்லோரும் என்னிடம்தான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் பையோடு என் முன்னால் வந்து, “ஸ்தோத்திரம் சிஸ்டர்” என்று சிரித்தார். பத்து ரூபாயைப் போட்டேன். மூன்று வாரம் என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். துணி வெளுக்கும் அறையில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஈரப் படுக்கை விரிப்பில் முகத்தைப் புதைத்து, வாய்விட்டுக் கத்தினேன். “ஆண்டவரே, நீரும் அவர் பக்கமா? பணம்கூட வேண்டாம். நான் பொய் சொல்லவில்லை என்பதற்கு ஒரு சாட்சி தாரும்.”

யாரோ தோளைத் தொட்டார்கள். அலமேலு. கூட வேலை செய்கிறவள். எங்கள் சபைக்காரி அல்ல, திருப்போரூர் முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருப்பவள்.

“இன்னாத்துக்கு அழுதுகினு கீற?”

சொன்னேன்.

“கவருதானே? எங்கிட்ட கீதே. நான் வேலைக்குச் சேந்த ஆறு வருசத்துக் கவரும் பொட்டில கீது.”

“எதுக்குடி வச்சிருக்க?”

அவள் வெட்கப்பட்டாள். “நான் படிக்காதவ. எம் பேர எழுதி மாசாமாசம் ஒரு காயிதம் வருது. தூக்கிப் போட மனசு வரலக்கா.”

அங்கேயே முழங்கால் போட்டேன். அவள் பயந்துவிட்டாள்.

மறுநாள் துணிப்பையில் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கவரிலும் ஞானராஜ் அண்ணன் கையெழுத்தில் பெயர், மொத்தச் சம்பளம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., கையில் தந்தது, எல்லாம் இருந்தன. பதினாலு பேரில் ஏழு பேர் துணிந்து பி.எஃப். அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி, “காண்ட்ராக்டர் கட்டலைன்னா வேலை வாங்குற கம்பெனி கட்டணும்மா. சட்டம் அதுதான்” என்றார். எட்டு வருடத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

ஒரே நாளில் எதுவும் முடியவில்லை. பதினொரு மாதம் ஆயிற்று. புகார் போன வாரமே ஞானராஜ் அண்ணன் என்னையும் அலமேலுவையும் வேலையை விட்டு நிறுத்தினார். செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு ஆபரேஷன் நடந்தது. பைசா வாங்கவில்லை. வீட்டில் படுத்திருந்த ஆறு வாரமும் அலமேலுதான் முறை வைத்து ஆள் அனுப்பிச் சோறு கொடுத்தாள். என் சபையிலிருந்து இரண்டே பேர் வந்தார்கள்.

விசாரணையில் இன்னொன்று வெளியே வந்தது. எங்கள் பதினாலு பேர் பெயரையும் எழுதி, பி.எஃப். பங்கு என்று ரிசார்ட்டிடமும் அவர் மாதாமாதம் பணம் வாங்கியிருக்கிறார். எங்களிடமும் பிடித்து, அங்கேயும் வாங்கி, எங்கேயும் கட்டவில்லை. அதைக் கேட்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஜெயித்த சந்தோஷமே வரவில்லை.

அவர் கட்டினாரா என்று ரிசார்ட் ஒருமுறைகூடப் பார்க்காததால், கடைசியில் ரிசார்ட்டே கட்டவேண்டி வந்தது. எங்களோடு வரப் பயந்த ஏழு பேருக்கும் சேர்த்து. அவர் காண்ட்ராக்ட் போயிற்று. புதிய காண்ட்ராக்டர் எங்கள் இருவரையும் திரும்ப எடுத்துக்கொண்டார். என் பெயர் போட்டு, பி.எஃப். கட்டியாயிற்று என்று போனில் செய்தி வந்தபோது முதலில் அலமேலுவுக்குத்தான் காட்டினேன்.

முழுவதும் ஆறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி. ஞானராஜ் அண்ணன் இன்றும் பை எடுக்கிறார். என்னிடம் இதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் பக்கத்தில் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அதற்காகவும் ஜெபிக்கிறேன். ஆனால் ஆமென் சொல்ல முடிகிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வேலைக்குப் போகிற பெண்களுக்கு போனில் பி.எஃப். பார்த்துச் சொல்கிறேன். மூன்று பேருக்குக் கட்டவே இல்லை என்று தெரிந்தது. முதலில் முகம் சுளித்த போதகர் ஐயா, போன மாதம் தன் மருமகளையே போனோடு அனுப்பினார்.

உங்கள் கூலியை யாராவது பிடித்து வைத்திருக்கிறார்களா? கூடப்பிறந்தவர் போல் பழகியவரே ஏமாற்றினாரா? வெட்கப்படாமல் ஆண்டவரிடம் சொல்லுங்கள். பிறகு எழுந்துபோய் அலுவலகத்திலும் சொல்லுங்கள். அழகான வார்த்தை தேட வேண்டாம். நான் அவரைக் கோபத்தில்தான் கூப்பிட்டேன். அப்படியும் கேட்டார்.