துடை, கூட்டு, திற

மலேசியாவில், கமுந்திங்கில் நான் வேலை பார்க்கும் கையுறைத் தொழிற்சாலைக்கு ஸ்பானிஷ் பேசும் பெண்கள் சிலர் பயிற்சிக்கு வந்தார்கள். அவர்களுக்கு மேசைக்கு ஒன்றாகக் கட்டளை அட்டை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒழுங்காகச் செய்தால் சூப்பர்வைசர் பதவியை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் சொன்னார். அந்தப் பதவிக்காக நான் படாத பாடு பட்டிருந்தேன்.

கைப்பேசியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் முட்டிமோதினேன். கடைசியில் பார்த்தால், அட, இவ்வளவுதானா! லிம்பியார் என்றால் துடைத்தல். வாலை வெட்டினால் லிம்பியா, துடை. பாரேர் என்றால் கூட்டுதல், பாரே, கூட்டு. அப்ரீர், திறத்தல், இதில் மட்டும் 'ஈ' போய் 'ஏ' வரும், அப்ரே, திற. மரியாதையாகச் சொல்ல வேண்டுமென்றால் கடைசி ஓசையை மாற்றிப் போட வேண்டும். 'ஆ' இருந்த இடத்தில் 'ஏ', 'ஏ' இருந்த இடத்தில் 'ஆ'. லிம்பியே, துடையுங்கள். பாரா, கூட்டுங்கள். அப்ரா, திறங்கள். வந்தவர்களில் இரண்டு பேருக்கு என் அம்மா வயது. எல்லாவற்றையும் மரியாதையாகவே எழுதிக் கொண்டுபோனேன்.

மேனேஜர் முகத்தைச் சுளித்தார்.

"இவங்களுக்கு எதுக்கும்மா மரியாதை? தலை மேல ஏறிடுவாங்க லா. மாத்து."

"வயசானவங்க அண்ணே..."

"பெர்மனென்ட் சூப்பர்வைசர் ஆவணுமா, வேணாமா?"

இவர் ஏதோ வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. எங்கள் ரப்பர் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளிலேயே பிறந்தவர். விடியற்காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, "ஏய், வாளியத் தூக்கு, ஓடு" என்று கங்காணி இவர் அம்மாவையும் என் அம்மாவையும் விரட்டுவான். நாங்கள் இருவரும் நின்று பார்த்திருக்கிறோம். அந்தக் கங்காணியின் வாய் இவருக்கு எப்படி வந்தது? த்தூ! அந்த ஆபீஸ் அறையில் நிற்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆனாலும் போய் எல்லா அட்டையையும் மாற்றி எழுதினேன். சொல்லவே நாக்கூசுகிறது.

மறுநாள் காலை பயிற்சிக்கு வந்த பெண்களில் மூத்தவர் அட்டையை எடுத்து வரிவரியாக வாய்விட்டுப் படித்தார். முகம் இறுகிவிட்டது. என்னைக் கூப்பிட்டு, அரைகுறை ஆங்கிலத்தில், இதை யார் எழுதியது என்று கேட்டார். மேனேஜர் சொல்லி நான்தான் எழுதினேன் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். தெரியாது என்றேன்.

அவர் அதை அப்படியே நம்பினார். நீ இப்படியெல்லாம் எழுதுகிறவள் இல்லை, பார்த்தாலே தெரிகிறது என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.