எச்சரிக்கையை மூட மறுத்தவர்

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் கம்ப்யூட்டர் வேலைக்குத்தான் போவோம் என்கிறீர்கள். அதனால் இவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டிய காலம். லிங்கராஜபுரத்தில் முதல் ஆளாக ஒரு மேடம் ஏறுவார். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. புரோகிராம் அச்சிட்ட தாள்களை மடியில் வைத்து, பேன் பார்ப்பதுபோல வரிவரியாக விரலால் தடவிக்கொண்டே வருவார். புரோகிராமை ஓட்டாமலே, எழுதியதைப் படித்துத் தப்பு வரக்கூடிய இடங்களை எச்சரிக்கையாகக் காட்டும் சோதனை ஒன்று உண்டாம். அதை நடத்துவது அவர் வேலை.

ஒரு நாள் மேனேஜரும் வேனில் வந்தார்.

"நாளைக்கு புரோகிராம ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு அனுப்பணும்மா. அந்த எச்சரிக்கைங்கள எல்லாம் ஆஃப் பண்ணிடு. ரிப்போர்ட்ல ஜீரோ காட்டணும்."

"ஆஃப் பண்ணா தப்பு போயிடுமா சார்? திருத்த டைம் குடுங்க."

"சும்னிரும்மா, சும்மா இரு! எழுதுனவனே கவலைப்படல. உனக்கு என்ன மாமியார் உத்தியோகமா குடுத்திருக்கோம்?"

வேனே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை.

"என் கையால ஆஃப் பண்ண மாட்டேன் சார்."

வேறொருவர் செய்தார். ஜீரோ வந்ததற்குக் கேக் வெட்டினார்கள். டிரைவர்களுக்கும் ஒரு துண்டு வந்தது. அடுத்த வாரம் மேடத்தை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். இனி லிங்கராஜபுரத்தில் நிற்க வேண்டாம் என்று என்னிடம் சொன்னார்கள்.

அந்தத் தப்புகள் யாரை என்ன செய்தன என்று எனக்குத் தெரியாது. மேனேஜர் இன்னும் பெரிய மேனேஜர் ஆனது தெரியும்.

அங்கே நிற்க வேண்டாம் என்று சொன்னதற்கு மறுநாள் காலை, காலி வேனை மேடம் ஏறும் அதே இடத்தில் நிறுத்தினேன். இறங்கிப்போய்க் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சாத்திவிட்டு வண்டியை எடுத்தேன்.