இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளி

காரைக்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த தங்கச்சாமிக்குப் பேயென்றால் பயமில்லை, பாம்பென்றால் பயமில்லை. ஆஸ்பத்திரி என்றால் மட்டும் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டார். கூடப்பிறந்த தங்கச்சி ஆயியை, குடல்வால் ஆபரேஷனுக்கு இவர்தான் கைநாட்டு வைத்து உள்ளே அனுப்பினார். சிரித்துக்கொண்டே போனவள் திரும்பி வரவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டவரெல்லாம் எமன்.

பெண்டாட்டி அக்கம்மாளோ கைமுறுக்கு சுற்றுவதில் பேரெடுத்தவள். கோட்டையூர்ப் பக்கம் கல்யாணமென்றால் ஆச்சிமார் முதலில் ஆள் விடுவது அவளுக்குத்தான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவை முறுக்கிக்கொண்டே போக, வாய் தன் பாட்டுக்கு ஊர்க்கதை பேசும்.

எழுபத்தொன்றாம் வருஷம் அந்த விரல்களில்தான் மரமரப்பு ஆரம்பித்தது. தைலம், ஒத்தடம், மந்திரிப்பு, எதற்கும் கேட்கவில்லை. அவள் சுற்றிய முறுக்கு எண்ணெயில் விழுந்ததும் பிரிந்துபோனது. "என்னடி அக்கம்மா, கை தவறிப்போச்சா?" என்று உமையாள் ஆச்சி நல்ல மனசோடுதான் கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சின்னப்பிள்ளை போல அழுதாள்.

தங்கச்சாமி பயத்தை அடக்கிக்கொண்டு அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். "மணிக்கட்டுல நரம்பு நெரிபடுது. சின்னதா கீறிவிட்டாப் போதும்மா. ஆனா தள்ளிப்போட்டா கட்டைவிரல் சதை வத்திப்போகும். அப்புறம் கீறியும் பிரயோசனம் இல்ல" என்றார் டாக்டர்.

அக்கம்மாள் அங்கேயே தலையாட்டிவிட்டாள். தங்கச்சாமிதான், "அய்யனாருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்" என்றார். குலசாமியை மீறி அந்த வீட்டில் ஒரு காரியமும் நடந்ததில்லை. பூக்கட்டிப் பார்ப்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. சாமி காலடியில் போட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஊருணியில் விட்டுவிட வேண்டும்.

பூசாரிக்குக் கண் மங்கல். வாழையிலைக் கிழிசலில் பொட்டலம் கட்ட உட்கார்ந்தவர் தங்கச்சாமி. நந்தியாவட்டையைக் கையில் எடுத்தார். ஆயியின் முகம் வந்து நின்றது. பாவி மனுஷன், இரண்டிலும் செவ்வரளியை வைத்து நாரால் இறுக்கிவிட்டார்.

அக்கம்மாள் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு ஒன்றை எடுத்தாள். பிரித்துப் பார்த்தாள், சிவப்பு. "சரி, சாமிக்குத் தெரியாததா" என்றாள். மற்றதை அவர் ஊருணியில் எறிந்தார்.

அவள் உயிரோடு இருந்தாள். அதுதானே அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் கை நாளுக்கு நாள் செத்துக்கொண்டு வந்தது. டம்ளர் நழுவும், ரவிக்கை ஊக்கு மாட்ட வராது. அடுப்பில் சுட்டுக்கொண்டு, தோல் கருகிய வாடை வந்த பிறகு திரும்பிப் பார்ப்பாள். கல்யாண வீடுகளில் அவளை மரியாதைக்கு அழைத்து ஓரமாக உட்கார வைத்தார்கள். சில வருஷம் கழித்து ஒரு பொங்கலன்று அவள் இடது கையால் கோலம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தவர், "கெளம்பு, ஆபரேஷன் பண்ணிப்புடுவோம்" என்றார். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். இழுத்துக்கொண்டு போனார்.

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். டாக்டர் கட்டைவிரல் மேட்டை அழுத்திப் பார்த்தார். எலும்புதான் தட்டுப்பட்டது. "இத்தனை வருஷம் என்னய்யா பண்ணுனீங்க?" என்று சத்தம் போட்டார்.

திரும்பும்போது, திருப்பத்தூர் தாண்டி பஸ்ஸில் அக்கம்மாள் வாய் திறந்தாள். "சாமி வேணாம்னுச்சு. நாந்தேன் மனசுக்குள்ள ஆசைய வச்சுக்கிட்டே இருந்தேன். அந்தக் குத்தந்தேன் கையப் புடுங்கிருச்சு."

தங்கச்சாமியால் தாங்க முடியவில்லை. "அடியே, சாமி ஒண்ணும் சொல்லல. ரெண்டு பொட்டலத்துலயும் செவப்பு வச்சது நாந்தேன். ஒன்னையும் ஆயி மாதிரி பறிகொடுத்துருவனோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஆள் இருப்பதையும் மறந்து விம்மினார்.

அவள் அவரையே பார்த்தாள். மரத்துப்போன கையால் அவர் கண்ணைத் துடைக்கப் போனாள். விரல்கள் எசகுபிசகாகக் கன்னத்தில் இடித்தன.

"நான் வெசனப்படுறேன்னு பழியத் தூக்கி ஒங்க தலையில போட்டுக்கிறீகளா? நீங்களாவது, அப்புடிச் செய்யுறதாவது! சாமி விசயத்துல வெளையாடாதீக."

"சத்தியமாடி."

"சத்தியம் வேறயா? வாய மூடுங்க." பஸ் ஜன்னல் பக்கம் திரும்பி, கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அய்யனாரே, அவுகள மன்னிச்சிரு. எனக்காகத்தேன் பொய் சொல்றாக."