செம்பூரில் கொள்ளு பிடித்த ரத்தம்

அறுபத்து நாலாம் வருஷம், டிசம்பரில் பம்பாயில் ஒரு ஞாயிறு. கோயிலுக்கோ கடற்கரைக்கோ இல்லை, கொள்ளு செய்யும் வேலையைப் பார்க்கச் செம்பூர் போனேன். நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படித்தது: கொள்ளுச் சாற்றில் ஒரு புரதம் உண்டு. ஏ வகை ரத்தத்தின் சிவப்பணுக்கள் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சர்க்கரையை அது தேடிப் பிடித்துக்கொள்ளும். அணுக்கள் திரள்திரளாகக் கட்டிவிடும். நாம் ரசம் வைக்கிற கொள்ளு, சாமி! ஒரு மாதமாக எனக்குத் தூக்கமில்லை.

காலை எட்டேகாலுக்குத் தாராவியிலிருந்து நடந்து, எட்டே முக்காலுக்குக் கிங்ஸ் சர்க்கிள். அங்கே ராமநாதன் சார் காத்திருந்தார். செம்பூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிப்பவர். மறுநாள் நாக்பூருக்கு மாற்றல், அதனால் எனக்கு இந்த ஒரு நாள்தான். பன்னிரண்டு மணிக்குச் சோதனை அறையைப் பூட்டிவிடுவார்கள். மாட்டுங்காவில் ரயில் ஏறி, குர்லாவில் மாறினோம். வழியெல்லாம் வறுத்த வாசனை. பக்கத்தில் யாரோ சுண்டல் தின்கிறார்கள் என்று நினைத்தேன்.

பத்தரைக்கு ஆஸ்பத்திரியில், நான் கொண்டுபோன கொள்ளு மூட்டையைப் பிரித்தார் சார்.

"என்னப்பா இது, வறுத்துக் கொண்டு வந்திருக்கே? சூடு பட்டா அந்தப் புரதம் கெட்டுப்போயிடுமே!"

முந்தின நாள் என் மதினி "பச்சைக் கொள்ளையா ஒரு பெரிய மனுசருக்குக் கொடுக்கது?" என்று கேட்டது அப்போதுதான் உறைத்தது. மரியாதைக்கு வறுத்துவிட்டாள்.

ஸ்டேஷன் வாசலுக்கு ஓடினேன். குதிரை வண்டிக்காரரின் சாக்கில் பச்சைக் கொள்ளு இருந்தது. கேட்டேன். "ஏ மதராசி, கோடே கா கானா து காயேகா க்யா?" என்று சிரித்தார், குதிரைத் தீனியை நீ தின்னப் போறியா என்று. ஆனாலும் இரண்டு கை அள்ளிக் கொடுத்தார்.

இடித்து, உப்புத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டப் பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. சார் தன் விரலைக் குத்திக் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டார். அவர் ஏ வகை. சாறு பட்டதும் மெல்ல ஆட்டினார். ரத்தம் சிவப்பு மணல் போலத் திரண்டுகொண்டது. நான் கத்தியே விட்டேன்.

"என்னுது, சார்! என்னுதையும் பாருங்க!"

என் சொட்டு அப்படியே வழவழவென்று கிடந்தது.

"நீ ஓ வகைடா. இது தேடற சர்க்கரை உன் அணு மேலே இல்லை. அதுக்கு ஏன் மூஞ்சிய தூக்கறே?"

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கொள்ளைப் பச்சையாகக் கொண்டுபோங்கள், மூட்டையை வீட்டிலேயே பிரித்துப் பாருங்கள். ஏ வகைக்காரர் ஒருவரைக் கூட அழைத்துப்போங்கள்.

சார் நாக்பூர் போய்விட்டார். இப்போது நான் வேலை செய்யும் பட்டறையில் யார் கை நீட்டினாலும், இவர் ரத்தத்தைக் கொள்ளு பிடிக்குமா என்றுதான் பார்க்கிறேன். என்னுடையதை அது பிடிக்கவே பிடிக்காது என்று தெரிந்தும், இன்னொரு சொட்டு விட்டுப் பார்க்க ஆசை.