பேத்தியின் தலைமாட்டுக் கத்தி

மலைச்சாமியின் கைகளைப் பார்க்கிறவர்கள், மனுஷன் ரோட்டுக்குத் தார் ஊற்றிவிட்டு நேராக வருகிறார் என்றுதான் நினைப்பார்கள். தார் இல்லை, வாழைக்கறை. முப்பது வருடமாக அவருக்கு இலை அறுப்புதான் தொழில். விடியுமுன் கீழக்குயில்குடியிலிருந்து மொபெட்டை எடுத்துக்கொண்டு வாடிப்பட்டிப் பக்கத்து வாழைத்தோட்டங்களுக்குப் போவார். அறுத்த இலையைக் கட்டாகக் கட்டிக் கோச்சடை மெஸ்களுக்குக் கொண்டுவந்து, அங்கேயே பின்வாசலில் உட்கார்ந்து நுனி இலை தனியாக, நடுத்துண்டான ஏடு தனியாக நறுக்கிக் கொடுப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே கத்திதான். சாண் நீள அலகு, பூவரசங் கைப்பிடி, பழைய டியூபை வெட்டித் தைத்த உறை.

பூச்சு எதுவும் இல்லாத பச்சை இரும்பு என்பதால் காலையில் வெள்ளையாக இருக்கும் அலகு மத்தியானத்துக்குள் கறுத்துவிடும், மறுநாள் துருவும் ஏறிவிடும். அதற்காகத் தினம் சாயங்காலம் செங்கல்பொடியும் புளியும் வைத்து இரண்டு பக்கமும் தேய்ப்பார். அப்புறம் கல்லில் படுக்கப்போட்டுத் தீட்டுவார். என்ன தேய்த்தாலும் சில நாள் இலை ஓரத்தில் துரு ஒரு கோடு இழுத்துவிடும்.

"என்னண்ணே, இலைக்கெல்லாம் கரை போட்டுக் கொண்டாந்திருக்க? வேட்டியா விக்கிற?" என்பார் மெஸ்காரர் கருத்தக்கண்ணன்.

"இரும்புன்னா துருப்பிடிக்கத்தான்யா செய்யும். ஒனக்கு மீசை நரைக்கல?"

இப்படி வாய் ஓயாத மனுஷன், ஒன்றரை வருடம் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் வாய் திறக்காமல் இருந்தார். அந்த ஆள் அவருடைய மருமகன் ராம்கி. மகள் சரண்யாதேவி தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டவன், கப்பலூரில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டுகிறவன். அவர் மனைவி அன்னக்கொடி மகள் வீட்டுக்குப் போய் வந்து இருந்தாள். மலைச்சாமிதான் முறுக்கிக்கொண்டு நின்றார்.

பிள்ளை பிறந்த அன்று தோட்டத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். நர்ஸம்மா துணியில் சுற்றிய பிள்ளையோடு வெளியே வந்து, "யார் வாங்குறீங்க?" என்றார். முன்னால் நின்ற ராம்கி சட்டென்று ஒதுங்கிக்கொண்டான்.

"மொதல்ல மாமா கையில குடுங்க."

மலைச்சாமி கையைப் பின்னால் மறைத்தார். "கையெல்லாம் கறையா இருக்குய்யா."

"கறைதான மாமா? வாங்குங்க."

வாங்கினார். பெண்பிள்ளை. கொட்டாவி விட்டது. அந்தக் கொட்டாவியில் ஒன்றரை வருட முறுக்கு எங்கே போனது என்று அவருக்கே தெரியவில்லை. அப்பன்காரன், தான் வாங்குமுன் மாமன் கையில் பிள்ளையைக் கொடுக்கச் சொன்னானே, இந்தக் கடனை எந்தச் சென்மத்தில் தீர்ப்பது என்று, மலையடிவாரத்துக் கருப்பசாமியை அங்கிருந்தே கும்பிட்டார். ஆனாலும் ராம்கியிடம் ரெண்டு வார்த்தை நின்று பேச வாய் வரவில்லை. 'மாப்ள' என்று கூப்பிடவும் கூச்சமாக இருந்தது. 'தம்பி' என்று ஒப்பேற்றிவிட்டு வந்தார்.

நாலாம் நாள் மகளையும் பேத்தியையும் வீட்டுக்குக் கூட்டிவந்தபோது, ராம்கி ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினான். உள்ளே ஒரு கத்தி. அலகு முழுக்க அடுப்புக்கரி மாதிரிக் கறுப்பு.

"பூச்சு போட்டது மாமா. துருப்பிடிக்காது. கறையும் அம்புட்டா ஒட்டாது. தொடச்சாப் போதும்."

மலைச்சாமி அதைப் பெட்டியோடு டிரங்குப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். மருமகன் கொடுத்த முதல் பொருள், அதைக் கொண்டுபோய் வாழைப்பாலில் நனைப்பதா?

ஆனால் அன்னக்கொடிக்கு வேறு யோசனை இருந்தது. பச்சைப்பிள்ளை இருக்கிற வீட்டில் பிள்ளை தலைமாட்டில் இரும்பு இருக்க வேண்டும். காத்து கருப்பு அண்டாது. அவருடைய பழைய கத்தியை எடுத்து, உறையோடு பிள்ளையின் பாய்க்கு அடியில் சொருகிவிட்டாள்.

"ஏத்தா, அது எனக்குச் சோறு போடுற கத்தி. அருவாமனைய வையி."

"அருவாமனைய வச்சா நான் எதுல காய் நறுக்க? மருமகன் குடுத்தத எடுத்துக்கிட்டுப் போய்யா. பூட்டி வச்சா குட்டியா போடப்போகுது?"

வேறு வழியில்லாமல் மலைச்சாமி கறுப்புக் கத்தியை எடுத்துப் போனார். போனவர் அசந்துபோனார். பால் அலகில் நிற்காமல் வழிந்தது. இலை ஓரத்தில் ஒரு கோடு இல்லை. கருத்தக்கண்ணன் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஆளே மாறிட்ட?" என்றார். "மருமகன் வாங்கிக் குடுத்தது" என்று மலைச்சாமி மெஸ்ஸில் சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் காட்டினார்.

வினை சாயங்காலம் வந்தது. முப்பது வருடப் பழக்கம் கையில் இருக்கிறது. தண்ணீர்த்தொட்டி ஓரம் உட்கார்ந்தார், செங்கல்பொடியை எடுத்தார், புளியைக் கரைத்தார், பேத்தியின் கொட்டாவியை நினைத்தபடி தேய் தேய் என்று தேய்த்தார். கல்லில் படுக்கப்போட்டு இழுத்தார். ஒரு பக்கம் முடித்துத் தண்ணீரில் அலசினால், கறுப்பைக் காணோம். நாய் கடித்த தோல் மாதிரி திட்டுத்திட்டாக வெள்ளை. மறுபக்கம் மட்டும் தப்பித்தது.

மலைச்சாமி கத்தியைத் துண்டில் சுற்றினார். முப்பதாம் நாள் தொட்டில் போட ராம்கி வீட்டு ஆட்கள் வருகிறார்கள். 'என் மகன் ஆசையாக வாங்கிக் கொடுத்ததை இந்த மனுஷன் செங்கல்லை வைத்துச் சுரண்டியிருக்கிறான்' என்று ராம்கியைப் பெற்றவள் நினைத்தால்? இப்போதுதான் ஒட்டிய உறவு. அன்னக்கொடியிடம்கூடச் சொல்லவில்லை. இரும்புச் சாமான் கடை பேயாண்டியிடம் கத்தியைக் கொண்டுபோனார்.

"இதுல மறுபடி கறுப்பு ஏத்த முடியுமாப்பா?"

பேயாண்டி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "கம்பெனியில சூடு காட்டி ஏத்துன பூச்சுண்ணே. தலைக்குச் சாயம் அடிக்கிற மாதிரி இங்கன அடிக்க முடியுமா?"

"இதே மாதிரி வேற ஒண்ணு?"

"எங்கிட்ட இல்ல. ஒனக்கு எதுக்குண்ணே பூச்சுக் கத்தி? நீ தினம் தீட்டுற ஆளு. தீட்டுற கைக்குப் பச்சை இரும்புதான் சரி. பூச்சு, தொடச்சு வைக்கிற கைக்கு. வீட்டுல பொம்பளைக வாழக்கா, வாழப்பூ நறுக்க நல்லா இருக்கும், காய் கறுக்காது."

"கத்திக்கு ஞாயம் சொல்லிட்ட. மருமகனுக்கு என்ன ஞாயம் சொல்ல?"

மலைச்சாமி கத்தியை இடுப்பில் சொருகிக்கொண்டு வெளியே வந்தார்.

முப்பதாம் நாள் வந்தது. வாசலில் பந்தல், உத்தரத்தில் சேலைத் தொட்டில். ராம்கியின் அம்மா பாண்டீஸ்வரி சீர்த்தட்டோடு வந்து இறங்கினாள். பந்திக்கு இலை நறுக்க வேண்டும். கறுப்புக் கத்தி மலைச்சாமியின் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் ராம்கி எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், எப்படி எடுப்பது? மெல்ல உள்ளே போனார். தொட்டிலுக்குள் பிள்ளை தூங்கியது. தலைமாட்டில் கையை விட்டுப் பழைய கத்தியை உருவினார்.

"ஏய்யா!" அன்னக்கொடியின் சத்தத்தில் பந்தலே திரும்பிப் பார்த்தது. "புள்ளகிட்ட இருக்குற இரும்பையா எடுக்குற? முப்பது நாளா கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக் காத்துக்கிட்டுக் கெடக்கேன்!"

"இலை நறுக்கணும்ல..."

"இடுப்புல சொருகியிருக்கியே, அது என்ன, வெத்தலப்பையா? அத மொதல்ல தொட்டிலுக்குள்ள வையி!"

கூட்டம் கூடிவிட்டது. வேறு போக்கில்லை. மலைச்சாமி இடுப்பிலிருந்து கறுப்புக் கத்தியை, கறுப்புப் பக்கம் மேலே தெரியும்படி, இரண்டு கையாலும் நீட்டினார்.

பாண்டீஸ்வரி எட்டிப் பார்த்தாள். "அண்ணே, இது என்ன கறுப்பா? மேலுக்குச் சாயம் பூசியிருக்கு. பூச்சப் பாத்துக் காத்து கருப்பு பயப்படுமா? புள்ளைக்கு இரும்புல்ல வேணும்."

ராம்கி வந்து கத்தியை வாங்கித் திருப்பினான். வெள்ளைத் திட்டு வெயிலில் பளிச்சென்றது. மலைச்சாமி தரையைப் பார்த்தார்.

"செங்கல்பொடி போட்டுத் தேச்சுப்புட்டேன்யா. கை அதுபாட்டுக்குத் தேச்சிருச்சு. நீ ஆசையா வாங்கிக் குடுத்தது. இந்த இருபத்தஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல."

ராம்கி சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு அடங்க நேரமானது. "சரண்யா, தோத்துட்டேன்டி!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். "மாமா, நீங்க இதத் தொடவே மாட்டீங்க, டிரங்குப்பெட்டியில போட்டுப் பூட்டிருவீங்கன்னு இவகிட்டப் பந்தயம் கட்டியிருந்தேன். எம்மேல கோவம் போகலைன்னுதான் நெனச்சேன். நீங்க பூச்சு போற அளவுக்கு வச்சு வேலை பாத்திருக்கீங்க. அது போதும் மாமா."

"பூச்சு போயிருச்சேய்யா."

"வெட்டுற ஓரத்துல எந்தக் கத்திக்கும் பூச்சு நிக்காது மாமா. ரெண்டு தடவ தீட்டுனா அங்க வெறும் இரும்புதான். உள்ள இருக்குறது அதே இரும்புதான. துருதான் பிடிக்கும், தேச்சுக்கிருங்க. உங்களுக்கா தேய்க்கத் தெரியாது?"

பாண்டீஸ்வரி கத்தியை வாங்கி, வெள்ளைத் திட்டை விரலால் தடவிப் பார்த்தாள். "அட, இரும்பு தெரியுதே! அண்ணன் நல்ல வேலைதான் செஞ்சிருக்கு. இந்தப் பக்கம் மேல இருக்குற மாதிரி வையி மதினி."

அன்னக்கொடி துணியில் சுற்றித் தொட்டிலில் வைத்தாள். பிள்ளை முழித்துப் பார்த்துவிட்டு மறுபடி தூங்கியது.

மலைச்சாமி பழைய கத்தியோடு இலைக்கட்டு முன்னால் உட்கார்ந்தார். கண் மருமகன் பக்கமே போனது. கண் ஓரிடத்தில், கை ஓரிடத்தில் இருந்தால் இலை கிழியும். ஒரு நுனி இலை போனது. தலையை நிமிர்த்தி, ஊருக்கே கேட்கிற மாதிரி கூப்பிட்டார்:

"மாப்ள! சும்மாதான உக்காந்திருக்க? வந்து இலையப் பிடி. கிழியுது பாரு."

ராம்கி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் இலையை விரித்துப் பிடிக்க, இவர் நறுக்கினார். பந்தி முடிகிற நேரத்தில் ராம்கியின் பத்து விரலிலும் கறை ஏறியிருந்தது. சரண்யாதேவி நீட்டிய பிள்ளையை வாங்கப் போனவன், கையைப் பார்த்துத் தயங்கினான்.

"கறைதான மாப்ள?" என்றார் மலைச்சாமி. "வாங்கு."